பழைய காரின் பின் பிரேக் டிஸ்க் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் பழைய கார்களில், பின் டிஸ்க் தேய்ந்து முடியுமுன்பே கறள் தின்றுவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. கறளை உரசித் தள்ளுமளவுக்கு அது உழைப்பதில்லை.

டிஸ்க், சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகமான ஹப்போடு ஒட்டிக்கொண்டால் உடனே சுத்தியலைத் தூக்காதீர்கள். பல டிஸ்க்குகளில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் மெல்லக் கழன்று வரும். அதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை விட்டாயிற்றா என்று பாருங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதும் காரை ஸ்டாண்டில் இருத்துவதும் கட்டாயம்.

கழற்றிய கையோடு புதியதை மாட்டிவிடுவது அடுத்த தவறு. ஹப்பின் முகத்தில் ஒரு பொருக்குக் கறள் மிஞ்சினாலும் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும், பெடல் நடுங்கும். பழி புது டிஸ்க்கின் மேல் விழும். வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கில் பூசி வரும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

பிஸ்டனால் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்தான் கலிப்பர். ஹேண்ட் பிரேக் கேபிள் நேரே அதற்குப் போகும் கார்களில் பிஸ்டனைப் பெரும்பாலும் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே இறக்க வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளேயுள்ள மரை போய்விடும். கழற்றிய கலிப்பரை அதன் ஒயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள்.

டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பிரேக் ஒயில் ஓடும் குழாய்களுக்குள் எயார் போக வழியில்லை. ஆனாலும் ஒயில் பழசென்றால் அதையும் மாற்றுவது நல்லது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 ஆகிவிடும். கராஜ் மூலையில் திறந்து கிடக்கும் போத்தலை நம்பாதீர்கள்.

ஒயில் மாற்றி, உள்ளேயுள்ள எயாரை வெளியே எடுக்கும்போது பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிப்பதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வழக்கமாக ஓடும் இடம் மட்டுமே வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அப்பால் அழுக்கும் கறளும் படிந்திருக்கும். ரப்பர் அங்கே போய் உரசிக் கிழிந்தால், நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக் இன்று மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். மிதிப்பவர் காலை எடுக்குமுன், எயார் வெளியேறும் திருகான பிளீடரை மூடிவிடுங்கள், டாங்கியில் ஒயில் வற்ற விடாதீர்கள். நம் நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங் கார்களில் வழக்கமாக இடது பின் சக்கரத்தில் தொடங்குவார்கள். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள்.

பிளீடர் கலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா? கீழே இருந்தால் இடது வலது கலிப்பர்கள் மாறிவிட்டன என்று அர்த்தம், எயார் முழுதாக வராது.

எல்லாம் முடிந்ததும் காரை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள். முதல் ஓட்டம் சமதரையில், மெதுவாக. கோணேசர் கோயில் இறக்கமெல்லாம் அப்புறம்.