பந்து கைக்கு வருமுன் முடிவெடுப்பது எப்படி? கூடைப்பந்து பழகுபவர்களுக்கு

டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது), பாஸ், லே-அப் (கூடைக்குக் கிட்டே ஓடிப்போய் எறிவது) மூணும் ஓரளவு கைவந்தவர்களுக்கானது இது. பந்து வந்ததும் திகைத்து நிற்பது, தரையில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு அப்புறம் யாருக்குக் கொடுக்கலாம்னு தேடுவது, இதைத்தான் சரிசெய்யப் போறோம். இது மூளை வேகத்தில் இருக்கும் குறை இல்லீங்க. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காததால் வருவது.

தேவை: மூணு பேர், ஒரு பந்து, ஒரு கோடு போட்ட நோட்டு. தொட்டால் அணையும் விளக்கு செட்டு வாங்காதீங்க. அது விளக்குக்கு ஓடத்தான் பழக்கும், எதிராளியைப் படிக்கப் பழக்காது.

படி 1: எண் சொல்லி வாங்குவது

பாஸ் கொடுப்பவர் 5 மீட்டர் தள்ளி எதிரே நிற்கணும். மூணாவது ஆள் வாங்குபவரின் முதுகுப் பக்கம், கொஞ்சம் ஓரமாக நின்று விரல் காட்டணும். பந்தைப் பிடிக்கும் முன்பே வாங்குபவர் அந்த எண்ணைக் கத்திச் சொல்லணும். 10 பாஸ், 3 சுற்று.

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பந்து காற்றில் வரும்போது திரும்பிப் பார்த்தால் பந்து விரல் நுனியில் பட்டு ஓடிவிடும். பந்து இன்னும் கொடுப்பவர் கையில் இருக்கும்போதே கழுத்தைத் திருப்பணும். அவர் கை பாஸுக்கு நீளும்போது கண் பந்துக்குத் திரும்பியிருக்கணும். இன்னொரு கோளாறு, கழுத்து திரும்பும், கண் எதையும் பார்க்காது. எண் சொல்லச் சொல்வதே அதைப் பிடிக்கத்தான். விரல் காட்டுபவர் கடைசி நேரத்தில் எண்ணை மாற்றலாம். மாற்றாமல் வைத்திருந்தால் மூணாவது பாஸிலேயே ஊகித்துச் சொல்ல ஆரம்பிச்சிருவாங்க.

படி 2: ரெண்டே விதி

தடுப்பவர் கூடைக்கு அடியிலிருந்து பந்தைப் பாஸ் செய்துவிட்டு, வாங்குபவரை நோக்கி ஓடி வரணும். ஒன்றரைக் கை தூரத்தில் நின்றுவிட்டால் ஷூட். நெஞ்சுக்கு நேரே ஏறி வந்தால், அவர் எந்தக் காலை முன்னால் வைத்திருக்கிறாரோ அந்தப் பக்கம் டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டே கூடையை நோக்கிப் பாய்வது). முன்காலைத் திருப்பிப் பின்னால் எடுத்து வைக்க அவருக்கு நேரம் பிடிக்கும். கையையும் முகத்தையும் பார்க்காதீங்க, ரெண்டும் ஏமாற்றும். இடுப்பையும் பாதத்தையும் பாருங்க.

ஏன் ரெண்டோடு நிறுத்தணும்? தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று உளவியல் ஆய்வாளர் ஹிக் 1952-லேயே அளந்து காட்டிவிட்டார். 10-க்கு 8 சரியாக வந்த பிறகு மூணாவதைச் சேருங்க: பக்கத்திலிருந்து தடுப்பவருக்கு உதவ இன்னொரு எதிராளி வந்தால், அவர் விட்டுவந்த ஆளுக்குப் பாஸ்.

படி 3: நோட்டு

கூடையில் விழுந்ததா என்பதை எழுதவே கூடாது. முடிவு சரியா தப்பா, அது மட்டும். தப்பான ஷாட் விழுந்ததற்கு ஓரத்தில் நின்று கைதட்டும் பயிற்சியாளர், அதே தப்பை மறுபடி செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்.

படி 4: களைத்த பிறகு

28 மீட்டர் மைதானத்தை ரெண்டு முறை போய்த் திரும்பினால் 112 மீட்டர். மூச்சு வாங்கும்போதே படி 2-ல் 5 முறை. ஷாட் கிளாக் (ஷூட் பண்ண மீதமிருக்கும் நொடியைக் காட்டும் கடிகாரம்) இல்லாத மைதானத்தில் வெளியே ஒருவர் "எட்டு!", "நாலு!" என்று மீதி நொடியைக் கத்தட்டும். எதிரணிக் கூடையில் சொந்த ஷாட் பட்டுத் திரும்பி, அந்தப் பந்தும் (ரிபவுண்ட்) நமக்கே கிடைத்தால் 24 இல்லை, 14 நொடிதான். புதுசா ஆடறவங்க இதை மறந்து நிதானமாக வெளியே எடுத்துப் போவாங்க.

படி 5: தப்பு செய்த பிறகு

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்க, "அடுத்து" போதும். பந்து கைமாறியதும் அதைச் சொல்லிக்கொண்டே தன் ஆளைத் தேடி ஓடணும். மூச்சுப் பயிற்சி (4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது) ஆட்டம் நிற்கும்போது மட்டும். ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் எறிவது) பலர் சிக்குவது இங்கேதான். நடுவர் பந்தைக் கொடுத்ததிலிருந்து 5 நொடிக்குள் எறியணும், 10 எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. பந்து கைக்கு வருமுன் மூச்சை முடித்துவிட்டு, வந்த பிறகு வளையத்தில் ஒரே புள்ளியில் பார்வையை நிறுத்தி எறியுங்க. தேர்ந்தவர்களின் கடைசிப் பார்வை கூடுதல் நேரம் நிலைத்து நிற்பதை ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996-ல் ஃப்ரீ த்ரோவை வைத்துத்தான் காட்டினார்.

சேர்க்கை 1: ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திறந்தவெளி மைதானங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தைத் தள்ளும். ஆட்டம் தொடங்குமுன்பே விதியை மாற்றிக்கொள்ளுங்க: குறுக்கே நீளப் பாஸ் வேண்டாம், ரெண்டு குட்டைப் பாஸ். எதிர்க்காற்றில் 6.75 மீட்டர் மூணு புள்ளிக் கோட்டிலிருந்து ஷூட் பண்ணாமல், ரெண்டடி உள்ளே வந்து.

சேர்க்கை 2: ரெண்டே பேர் என்றால் சுவரில் எறிந்து வாங்குங்க, மற்றவர் பின்னால் விரல் காட்டட்டும். எறியுமுன் பாருங்க. பூச்சு இல்லாத சுவர் வேண்டாம், பந்து கோணலாகத் திரும்பும், விரல்தான் மடங்கும்.