ஒரே சிலிண்டர், மூன்று அழுத்தங்கள்: இரண்டாம் நிலை ரெகுலேட்டர்களை இணைக்கும் முறை

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் வடிப்போர் பலர், பீப்பாய்களைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் வழியாகப் பரிமாறுகிறார்கள். எல்லாப் பீப்பாய்களிலும் ஒரே வகைப் பீர் இருக்கும்வரை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் மேலிருந்து வாயு அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒற்றை ரெகுலேட்டரே போதும். ஆனால் 3 டிகிரி செல்சியஸ் குளிரில் சாதாரண ஏல் வகைப் பீருக்கு ஏறத்தாழ 11 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தமும், நுரை மிகுந்த கோதுமை பீருக்கு 17 அளவிலும், சோடா நீருக்கு 30 வரையிலும் தேவைப்படுவதால், இம்மூன்றையும் ஒன்றாக வைக்க விரும்புவோருக்கு ஒவ்வொரு பீப்பாய்க்கும் தனித்தனி இரண்டாம் நிலை ரெகுலேட்டர் வேண்டும்.

அறை வெப்பநிலையில் சிலிண்டருக்குள் சுமார் 800 பி.எஸ்.ஐ. இருக்கும். அதை முதல்நிலை ரெகுலேட்டர் 40 அளவுக்குக் குறைத்துத் தர, மற்றவை தத்தம் பீப்பாய்க்கு வேண்டிய அளவுக்கு மேலும் குறைக்கின்றன. முதல்நிலை அழுத்தம், வரிசையில் மிக அதிகமாக வைக்கப்படும் அழுத்தத்தைவிட 10 பி.எஸ்.ஐ.யாவது கூடுதலாக இருப்பது நல்லது. எனினும் இரண்டாம் நிலைக் கருவி தாங்கும் மேல்வரம்பைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்த பிறகே அதை உயர்த்த வேண்டும்.

ரெகுலேட்டர்களைப் பக்கவாட்டில் வரிசையாக இணைப்பதற்கு, ஒன்றின் பக்கத் துளையையும் அடுத்ததன் துளையையும் நிப்பிள் எனப்படும், இரு முனையிலும் மரையுள்ள சிறு குழாய்த்துண்டால் சேர்த்து, கடைசித் துளையை அடைப்பானால் மூட வேண்டும். சில நிப்பிள்களில் ஒரு முனை இடது மரையாக (எதிர்த்திசையில் திருகி இறுக்குவதாக) இருக்கும் என்பதால், இறுகவில்லையென்று வலிந்து திருகும் முன் மரையைக் கவனியுங்கள். கூம்பு மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது, முனையிலுள்ள முதல் மரையை வெறுமையாக விடுங்கள். பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போய் வால்வின் இருக்கையில் சிக்கினால் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். மரையால் அல்லாமல் கூம்பு முகப்புகள் ஒன்றோடொன்று அழுந்தி அடைபடும் ஃபிளேர் வகை இணைப்புகளுக்கு டேப் கூடாது. அழுத்தமானிகள் நிமிர்ந்து நிற்கும் நிலையைத் தாண்டித் திருகிவிட்டால் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள்; கூம்பு மரை அப்படித் தளர்ந்தால் கசியும். முழுவதும் கழற்றிப் புதிய டேப் சுற்றுவதே சரி.

ஒவ்வொரு வெளிவழியிலும் ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வைப் பொருத்தினால், பீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரைக் கெடுக்காது. நைட்ரஜன் கலந்த வாயுவில் பரிமாறப்படும் ஸ்டவுட் என்னும் கரும்பீரை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. அதற்குத் தனிச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் தேவை.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். ரெகுலேட்டர்களில் அழுத்தத்தை மாற்றும் எல்லாத் திருகுகளையும் இடஞ்சுழியாகத் தளர்த்திய பிறகு சிலிண்டரை மெதுவாகத் திறந்து, முதல்நிலையையும் பிறகு மற்றவற்றையும் உயர்த்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதன்பின் சிலிண்டரை மூடி ஓர் இரவு விட்டு, அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. பீர் வாயுவை உறிஞ்சுவதால் கசிவில்லாமலே முள் இறங்கும் என்பதால், இச்சோதனையின்போது பீப்பாய்களை இணைக்கக் கூடாது. மணமற்ற இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதால், இந்த ஓரிரவுச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

பின்னாளில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால், திருகைத் தளர்த்தி, பீப்பாயின் விடுவிப்பு வால்வை இழுத்து வாயுவை வெளியேற்றி, வேண்டிய அளவுக்குக் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். அழுத்தம் கூடிய பீப்பாய்க்குப் பீர் செல்லும் குழாயையும் நீளமாக்க வேண்டும்; இல்லையேல் கோப்பையில் நுரைதான் நிரம்பும்.