தெரு ரோட்டுக்கு மறுபடி தார் போடுவது எப்போது? சென்னைக்காரர்களுக்கு ஒரு கையேடு

மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் காலையில் தெருவில் இறங்கி மெதுவாக ஒரு நடை நடந்து பாருங்கள். ரோடு முழுக்கக் காய்ந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும், ஆனால் வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஈரம் கறுப்புக் கோடாக நிற்கும். மற்ற நாளில் கண்ணுக்கே படாத மயிரிழை வெடிப்புகூட அன்றைக்குத் தெரிந்துவிடும். ஒரு தார் ரோட்டை இந்த வருடம் புதுப்பிக்க வேண்டுமா, இன்னும் ஒரு வருடம் தள்ளலாமா என்று முடிவு செய்ய இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. சாலை வேலைகளை இருபது வருடத்துக்கு மேல் மேற்பார்வை பார்த்த பிறகும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஏரியா சபைக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "ரோடு போட்டு ஏழு வருஷம் ஆச்சு, எங்க தெருவுக்கு எப்ப?" என்பது. வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பத்து வருடம் தாண்டியும் திடமாக இருக்கும் தெருவையும் பார்த்திருக்கிறேன், மூன்றாவது மழையிலேயே பெயர்ந்துபோன தெருவையும் பார்த்திருக்கிறேன். சென்னை மாநகராட்சியிடம் பேருந்து ஓடும் சாலைகள் மட்டும் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறத் தெருக்கள் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் போட எந்த நிதியும் போதாது. ஆகவே எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலானோர் தவறு செய்வதும் அங்கேதான். இருப்பதிலேயே மோசமான ரோட்டை முதலில் போடு என்பது நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் அப்படிச் செய்தால் ஊர் முழுக்க ரோடுகள் வருடா வருடம் கீழே போய்க்கொண்டே இருக்கும். தார் அடுக்கு சுமையைத் தாங்குவதோடு அடியில் இருக்கும் ஜல்லிப் படுகைக்குக் குடையாகவும் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் இறுகும், இறுகினால் வளையாது, வளையாதது வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கிய படுகை மேல் ஒரு தண்ணீர் லாரி போனால் போதும். முதல் பல வருடம் ரோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். ஒரு கட்டம் தாண்டினால் இரண்டே மழைக்காலத்தில் சரசரவென்று விழுந்துவிடும். படுகை திடமாக இருக்கும்போதே வந்தால் மேலே 40 மில்லிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவு புதிதாகப் போட்டு முடித்துவிடலாம். படுகை போன பிறகு வந்தால் ஓர் அடி, ஒன்றரை அடி தோண்டி அடியிலிருந்து கட்ட வேண்டும், செலவு பல மடங்கு.

அதனால் இந்த வருடப் பட்டியலில் வர வேண்டியது விழப்போகிற ரோடு. ஏற்கெனவே விழுந்துவிட்ட ரோட்டுக்குத் தேவைப்படுவது வேறு வேலை, அதற்குத் தனியாக நிதி கேட்க வேண்டும், அதுவரை பள்ளம் அடைத்து நடமாட்டத்துக்கு விட வேண்டும். குண்டும் குழியுமான தெருவில் குடியிருப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போன படுகை மேல் 40 மில்லிமீட்டர் தார் போட்டு அவரைச் சமாதானப்படுத்தினால் அடுத்த மழைக்கே அவர் ஏமாந்து நிற்பார்.

சரி, விழப்போகிறதா விழுந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். மேல்பரப்பு சொரசொரப்பாகி, துடைப்பத்தால் கூட்டினால் சின்ன ஜல்லி தனியாக உருண்டு வந்தால், தார் வயதாகிப் பிடிமானம் விடுகிறது என்று அர்த்தம்; அடி நன்றாகவே இருக்கலாம். நீளவாக்கில் ஒற்றைக் கோடாக வெடித்திருந்தால் பெரும்பாலும் ரோடு போடும்போது இரண்டு பட்டைகள் சேர்ந்த இணைப்பு அது, அதை அடைத்தாலே போதும். நேராக, ஒரே அகலத்தில், வீட்டு வாசல்களை நோக்கிக் கிளை பிரிந்து அமுங்கியிருந்தால் அது குழாய் பதிக்க வெட்டிய பள்ளம். மண்ணைச் சரியாக இடித்து மூடவில்லை, அந்தப் பள்ளத்தைத்தான் சரிசெய்ய வேண்டும், முழுத் தெருவையும் குற்றம் சொல்லக்கூடாது.

கவனமாகப் பார்க்க வேண்டியது முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும் இடங்களை. சக்கரம் போகும் தடத்தில் அது வந்திருந்தால் அடியில் ஏதோ தளர்ந்துவிட்டது. குனிந்து அந்தக் கட்டங்களின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பின் வாயில் மெல்லிய சேற்றுக் கசடு காய்ந்து, மாவு மாதிரி விரலில் ஒட்டினால், ஒவ்வொரு வண்டி போகும்போதும் அடியிலுள்ள தண்ணீர் அமுங்கி மண்ணை மேலே துப்புகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் மேலே எத்தனை தார் போட்டாலும் நிற்காது. வெட்டி எடுத்துப் படுகையைச் செப்பனிட்டுவிட்டுத்தான் மேலே வர வேண்டும்.

அளவு கணக்குக்கு ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். தெருவை ஐம்பது ஐம்பது மீட்டராகப் பிரித்துக்கொண்டு, முதலைத்தோல் வெடிப்பும் பள்ளமும் எத்தனை சதுர மீட்டர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுங்கள். நான் வைத்திருக்கிற கைக்கணக்கு இது: பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அந்த இடங்களை மட்டும் வெட்டி அடைத்தால் போதும், அதற்கு மேல் கால் பங்கு வரை இருந்தால் கெட்ட இடங்களைச் செப்பனிட்டு முழு நீளத்துக்கும் மில்லிங் செய்து (அதாவது மேல் அடுக்கை இயந்திரத்தால் சுரண்டி எடுத்து) புதிதாகப் போடலாம், புதுப்பிக்கச் சரியான நேரம் இதுதான், கால் பங்கைத் தாண்டினால் படுகையைத் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மண்ணைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். திருவான்மியூர் மாதிரி கடலோர மணல் பகுதியில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், கொஞ்சம் பொறுக்கலாம். மேற்கு மாம்பலம், கொளத்தூர் மாதிரி களிமண் பகுதியில் அதே வெடிப்பைப் பார்த்தால் நான் ஒரு வருடம் முன்னதாகவே எடுத்துவிடுவேன்.

பேருந்துச் சாலையில் வெடிப்போடு சக்கரத்தடப் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் நீளமான மட்டப்பலகையை ரோட்டின் குறுக்கே வைத்து, நடுவில் விழும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பத்து மில்லிமீட்டர் என்றால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி பாருங்கள், இருபதைத் தொட்டால் மழைநீர் அதில் நின்று இருசக்கர வண்டிகள் சறுக்கும், இனித் தள்ளக்கூடாது. பஸ் நிறுத்தத்திலும் சிக்னல் முன்னாலும் தார் அலை அலையாகத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேலேயே புதுத் தார் போட்டால் அடியில் இருக்கிற இளகிய கலவை அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும், முழுக்கச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அச்சுச் சுமை, அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு ரோட்டில் இறக்கும் பாரம், இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பது 1950களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய்ஸில் நடத்திய சோதனையிலிருந்து வந்த கணக்கு. பேருந்துச் சாலை பாரத்தால் சாகிறது, உட்புறத் தெரு வெயிலாலும் தண்ணீராலும் வெட்டுகளாலும் சாகிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே வருடக் கணக்கை வைக்க வேண்டாம். பெரிய சாலைகளில் கண்ணால் பார்ப்பது போதாது, சுமை வைத்து ரோடு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் பெங்கல்மேன் பீம் சோதனை இருக்கிறது, சாலை வேலைகளுக்கு விதிகள் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் அதற்கு விதிமுறையே வைத்திருக்கிறது. செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், மேலே பார்த்தது எல்லாம் ஆமாம் என்று சொன்னாலும், மண்ணுக்கு அடியில் என்ன வேலை வரப்போகிறது என்று தெரியாமல் ரோடு போடாதீர்கள். எங்கள் தெருவில் நடந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. பிப்ரவரியில் அருமையாக ரோடு போட்டார்கள், சாய்வு சரியாக, மூடிகள் மட்டத்தில், நானே கூட நின்று பார்த்தேன். ஜூனில் கழிவுநீர்க் குழாய் மாற்ற நடுவாகப் பிளந்தார்கள். அந்த வேலை ஒரு வருடமாகவே திட்டத்தில் இருந்திருக்கிறது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்திடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்கேபிள், தொலைத்தொடர்பு, எரிவாயுக் குழாய் என்று ஒவ்வொரு தரப்பிடமும், அடுத்த இரண்டு வருடத்தில் இந்தத் தெருவில் வெட்டும் வேலை உண்டா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். உண்டு என்றால் ரோட்டைத் தள்ளி வையுங்கள், பள்ளத்தை மட்டும் அடைத்துவிடுங்கள். வெட்டி மூடிய பிறகும் ஒரு மழைக்காலம் போகட்டும், மண் அமுங்க வேண்டிய அளவு அமுங்கிய பிறகு தார் போட்டால் ரோடு உழைக்கும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், அந்த வேலை முடியாத சாலைகளில் இப்போது போடுவது தற்காலிகத் தார்தான், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மட்டம். ஒவ்வொரு முறையும் 40 மில்லிமீட்டர் மேலே மேலே போட்டால் நான்காவது முறையில் ரோடு 16 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். அது ஒரு வாசற்படி உயரம். பழைய தெருக்களில் வீட்டுக்குள் இறங்கிப் போகிற நிலைமை இப்படித்தான் வந்தது, மழைக்கு அந்த வீடுகளுக்குள்தான் தண்ணீர் முதலில் போகிறது. 2021 மே மாதத்தில் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். குறுகலான சந்துகளில் பெரிய மில்லிங் இயந்திரம் நுழையாது என்று சொல்லி ஜேசிபி வாளியால் பிறாண்டுவது உண்டு, அது படுகையையும் சேர்த்துக் கிளறிவிடும், சின்ன இயந்திரம் கேளுங்கள். தண்ணீர் தேங்குகிற தெருவாக இருந்தால் வடிகாலையும் அதன் வாயையும் சரிசெய்யாமல் ரோட்டைத் தொடவே வேண்டாம், தேங்கும் தண்ணீரைத் தாங்குகிற தார் கிடையாது.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்து டிசம்பரில் முடியும். சர்வே எடுக்க நல்ல நேரம் டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. மழை ரோட்டைச் சோதித்து முடித்திருக்கும், எந்தெந்த இடம் தோற்றது என்று அப்பட்டமாகத் தெரியும், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்டியலிலும் தெருவைச் சேர்த்துவிடலாம். போடுவதற்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் மழை பெய்த ஈரம் காயாமல் போட விடாதீர்கள். 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்த தெருக்கள் உண்டு. அப்படி ஊறிய படுகை மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், சில வாரம் விட்டுவிட்டு ஒரு குழி தோண்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பிளாஸ்டிக் ரோடாகப் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, ஜல்லிக்குப் பிளாஸ்டிக் பூச்சு கொடுப்பதால் தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரில் சீக்கிரம் கழன்று வராது. நல்ல முறைதான், ஆனால் கெட்ட படுகையை அதுவும் காப்பாற்றாது.

போடும் இரவில் ஒருவராவது கூட நில்லுங்கள். லாரியிலிருந்து கலவை இறங்கும்போது சூடு சுமார் 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடித்திருக்க வேண்டும். வெப்பமானி பொறியாளரிடம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய 650 டன் கலவை வந்தாக வேண்டும், உங்கள் தெரு அளவுக்கு அதைச் சுருக்கிக் கணக்குப் போட்டு லாரிச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள்.

புகார் கொடுக்கும்போது மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ "ரோடு மோசம்" என்று மட்டும் சொன்னால் பள்ளம் அடைக்கத்தான் ஆள் வருவார்கள். எந்த விளக்குக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எத்தனை சதுர மீட்டர் முதலைத்தோல் வெடிப்பு, எங்கே சேறு துப்புகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று படத்தோடு எழுதுங்கள், அதில் ஒரு பிரதியை வார்டு உதவிப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் கொடுங்கள். கம்ப எண்ணும் தேதியும் படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து, அடுத்த ஜனவரியில் அதே கம்பத்தின் அருகில் நின்று மறுபடி ஒன்று எடுங்கள்.