சாலை வரி நியாயமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

மின்சார வண்டிக்காரர்கள் பெட்ரோல் வரி கட்டாமல் சாலையை ஓசியில் தேய்க்கிறார்கள் என்று ஒரு கட்சி. புகையே விடாத எங்களுக்கு எதற்கு வரி என்று இன்னொரு கட்சி. என் வீட்டில் இரண்டு வகை வண்டியும் நிற்பதால் எனக்கு இரண்டு பக்கமும் இடம் உண்டு. வாதாடும் முன் எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எளிது. ஒரு லிட்டரில் எரிபொருளுக்கென்றே போடும் வரியை மட்டும் எடுங்கள். சோப்புக்கும் சேர்த்துப் போடும் பொது விற்பனை வரியைக் கழித்துவிடுங்கள். மீதியை மைலேஜால் வகுக்க வேண்டும். வரி 30 என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் சரி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 2 வரும், 10 ஓடுவதற்கு 3. சாலை என்னவோ ஒன்றுதான். அதிகம் குடிக்கும் வண்டி அதிகம் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அந்தக் கூடுதல் புகைக்கான கட்டணம், சாலைக்கானது அல்ல.

பெட்ரோல் வரிக்கு ஈடாக மின்சார வண்டிக்கு ஆண்டுக் கட்டணம் வாங்கினால், அதை ஆண்டில் ஓடிய தூரத்தால் வகுங்கள். கட்டணம் 12,000 என்றால், 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 0.8. மருத்துவமனைக்கும் கடைக்கும் மட்டும் வண்டியை எடுத்து 3,000 ஓட்டும் பெரியவருக்கு 4, அதாவது மேலே சொன்ன பெட்ரோல் வண்டியைவிட அதிகம்! என் கண்ணில் பெரிய அநியாயம் இந்த ஒரே அளவுக் கட்டணம்தான். சார்ஜ் செய்யும் மின்சாரத்துக்குத் தனி வரி இருந்தால் அதையும் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்புறம் எடை. பேட்டரியால் வண்டி கனம், சாலை கெடும் என்பார்கள். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த விதிப்படி, சேதம் ஏறக்குறைய அச்சு எடையின் (சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சின் மேல் விழும் பாரத்தின்) நான்காம் அடுக்கில் ஏறும். அச்சு எடை 20 சதவீதம் கூடினால் சேதம் இரட்டிப்பு. பயமாக இருக்கிறதா? 1 டன் ஏறும் கார் அச்சுக்கும் 10 டன் ஏறும் லாரி அச்சுக்கும் சேதத்தில் உள்ள வித்தியாசம் 10,000 மடங்கு. லாரிகளை விட்டுவிட்டுக் கார்கள் தங்களுக்குள் எடைச் சண்டை போடுவது வீண்.

சரி, எப்படி வசூலிப்பது? நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் என்று வைத்தது. ஓடோமீட்டர் காட்டும் தூரமே கணக்கு என்பதால், எங்கே போனீர்கள் என்று யாரும் பின்தொடர வேண்டியதில்லை. பெட்ரோலும் போட்டு, பிளக்கிலும் செருகும் ஹைபிரிட்டுக்கு அங்கே பாதிக் கட்டணம், 38 டாலர். பெட்ரோல் போடும்போதே அது ஒரு பங்கு கட்டிவிடுகிறதே. உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் ஹைபிரிட்டுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். இரண்டு முறை வரி விழுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தில்தான் ஒளிந்திருக்கும்.