ஓபன்எஸ்எஸ்எல் 3.5: மூலநிரலிலிருந்து கட்டுவதும், பழையதோடு மோதாமல் குடிவைப்பதும்

இணைய இணைப்புகளைக் குறியாக்கிப் பாதுகாக்கும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லை மூலநிரலிலிருந்து கட்டுவது நாலு கட்டளை வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒரே கணினியில் பழைய லைப்ரரி ஒன்று, புதியது ஒன்று என இரண்டு இருக்கும்போது, எந்த நிரல் எதை எடுத்துக்கொள்கிறது, எந்த அமைப்புக் கோப்பைப் படிக்கிறது என்பதில் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே கம்பைல் செய்வதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, அந்தப் பகுதியில் அதிக நேரம் நிற்போம்.

முதலில், கட்டத்தான் வேண்டுமா? டெபியன் 13-இல் 3.5 ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஆப்ட் (தொகுப்புகளை நிறுவும் கருவி) கொடுப்பதே போதும். உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும் இருப்பது 3.0. புதுவையிலோ கடலூரிலோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் உபுண்டு 20.04 ஓடிக்கொண்டிருந்தால் அதில் 1.1.1 தான் இருக்கும்; மூலத் திட்டம் அந்தத் தொடருக்கான பொது ஆதரவை 2023 செப்டம்பர் 11-இல் நிறுத்திவிட்டது. குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் எம்எல்-கெம், எம்எல்-டிஎஸ்ஏ போன்ற குறியாக்க முறைகள் வேண்டும் என்றால் 3.5 வேண்டும். அது 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2030 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். 3.0-க்கு 2026 செப்டம்பரோடு சரி. புதிதாகக் கட்டுகிறவர் 3.0-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டின் முதல் எழுத்தும், இணைப்பான் கொடியில் வரும் 'டபிள்யூ'வும் பெரிய எழுத்து. சூழல் மாறிகள், மேக்குக்குக் கொடுக்கும் மாறிகள் இவற்றின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து. அமைப்புக் கோப்புக்குள் எழுதும் பெயர்களை மட்டும் கையேட்டில் பார்த்து அப்படியே எழுதுங்கள். அவற்றில் இரண்டு வகை எழுத்தும் கலந்து வரும்.

தேவையானவை: சி கம்பைலர், மேக், பெர்ல் 5. டெபியன், உபுண்டுவில் 'பில்ட்-எசென்ஷியல்' தொகுப்பை நிறுவினால் மூன்றும் வந்துவிடும். ஃபெடோரா, அல்மா பக்கம் பெர்ல் துண்டு துண்டாகத்தான் வரும். அங்கே கான்ஃபிகர் ஓடிய உடனே 'ஐபிசி/சிஎம்டி டாட் பிஎம் கிடைக்கவில்லை' என்று நின்றால், 'பெர்ல்-கோர்' தொகுப்பை நிறுவுங்கள். வட்டில் 1 ஜிபி காலி இடம் இருக்கட்டும்.

டார் கோப்பை திட்டத்தின் தளத்திலிருந்தோ கிட்ஹப்பில் உள்ள அவர்களின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். சுமார் 50 எம்பி. கூடவே ஷா256 கோப்பும், ஏஎஸ்சி கையொப்பக் கோப்பும் இருக்கும். ஷா256 சரியாக இருந்தால் பதிவிறக்கம் பழுதில்லை என்று மட்டும்தான் பொருள்; கோப்பை மாற்றியவன் பக்கத்திலேயே இருக்கும் ஷா256-ஐயும் மாற்றியிருப்பானே. ஜிபிஜி கையொப்பத்தைச் சோதித்தால்தான் யார் வெளியிட்டது என்பது தெரியும். குறியாக்க லைப்ரரியைக் கட்டுகிறவர் இந்தப் படியைத் தாண்டுவது வேடிக்கைதான்.

இப்போது கான்ஃபிகர்:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/ஓஎஸ்எஸ்எல்35 --ஓபன்எஸ்எஸ்எல்டிர்=/ஆப்ட்/ஓஎஸ்எஸ்எல்35/எஸ்எஸ்எல் --லிப்டிர்=லிப் -டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/ஓஎஸ்எஸ்எல்35/லிப்

பாதையில் உள்ள '/ஆப்ட்' ஓ-பி-டி என்ற அடைவு, தொகுப்புக் கருவி ஆப்ட் அல்ல. தளத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஏன் என்று பார்த்துவிடுவோம், இங்கே விட்டது பின்னால் மணிக்கணக்கில் வாங்கும்.

ப்ரிஃபிக்ஸ் தனி அடைவாக இருப்பதற்குக் காரணம், கர்ல் போன்ற பலவும் விநியோகம் (டெபியன், உபுண்டு போன்றவை) தந்த லைப்ரரியை நம்பி இருக்கின்றன. அதன் மேலேயே புதியதை எழுதினால் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். அடுத்த ஆப்ட் மேம்படுத்தலில் உங்கள் கோப்பும் போய்விடும்.

ஓபன்எஸ்எஸ்எல்டிர் என்பது அமைப்புக் கோப்பும் சான்றிதழ்களும் இருக்கும் இடம். சான்றிதழ்கள் தயாராக இருக்கின்றனவே என்று இதை /எட்சி/எஸ்எஸ்எல் ஆக்கிவிடச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு பதிப்புகளும் ஒரே அமைப்புக் கோப்பைப் படிக்க ஆரம்பிக்கும். ஒன்றுக்காக எழுதிய வரி மற்றதைப் பாதிக்கும்.

லிப்டிர் கொடுக்காவிட்டால் 64-பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் கோப்புகள் 'லிப்64' அடைவுக்குள் போகும். டெபியன் குடும்பம் அந்தப் பெயரில் தானாகத் தேடாது. 'லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 3 திறக்க முடியவில்லை' என்ற பிழையில் பெரும்பங்கு இதனால் வருவது.

கடைசியில் உள்ள ஆர்பாத், நிரலுக்குள்ளேயே லைப்ரரியின் முழுப் பாதையை எழுதிவைக்கிறது. இதற்குப் பதில் 'எல்டி லைப்ரரி பாத்' மாறியை பாஷ்ஆர்சியில் நிரந்தரமாக எழுதுவது கெட்ட பழக்கம்: அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் கர்ல், கிட் எல்லாம் உங்கள் லைப்ரரியைப் பிடித்துக்கொள்ளும்.

நீக்க வேண்டியவற்றை 'நோ-' சேர்த்துச் சொல்லலாம். பழைய இணைப்பு நெறிமுறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 தேவையில்லை என்றால் 'நோ-டிஎல்எஸ்1', 'நோ-டிஎல்எஸ்1_1'. எஸ்எஸ்எல் 3 இயல்பாகவே அணைந்திருக்கிறது. எஸ்எஸ்எல் 2-ஐ 1.1.0-லேயே எடுத்துவிட்டார்கள். 'நோ-இன்ஜின்' (இன்ஜின் எனும் பழைய செருகுநிரல் முறையை நீக்குவது) நல்லதுதான், ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பதுபோல் யூஎஸ்பி டோக்கனில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தை பிகேசிஎஸ்11 இன்ஜின் வழியாக எடுக்கும் நிரல் இருந்தால் அது நின்றுவிடும். வழக்கொழிந்ததாக அறிவித்த செயல்கூறுகளை நீக்கும் 'நோ-டெப்ரிகேட்டட்' போட்டால் லைப்ரரி கட்டப்படும். அதை நம்பும் நிரல்கள் பல கம்பைல் ஆகாது. 'நோ-ஏஎஸ்எம்' பிழை தேடுவதற்கு மட்டும்: செயலியின் ஏஇஎஸ் குறியாக்கக் கட்டளைகளைப் பயன்படுத்தும் அசெம்ப்ளி முழுதும் போய், வேகம் பல மடங்கு சரியும். சாவிகளை உருவாக்கும் ரேண்டம் எண்களின் விதை தொடர்பான தேர்வுகளைத் தொடவே வேண்டாம். 2006-இல் டெபியன் தொகுப்பில் இரண்டு வரி நீக்கியதால் விதையில் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள்தான் என்பது 2008 மே மாதம் வரை வெளியே தெரியவில்லை.

கான்ஃபிகர் முடிந்ததும் 'பெர்ல் கான்ஃபிக்டேட்டா டாட் பிஎம் --டம்ப்' கொடுத்தால் எவை இயங்கும், எவை அணைந்தன, பாதைகள் எவை என்று முழுதும் வரும். மேக் ஓட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிறகு 'மேக் -ஜே4'. நாலு கோர் மேசைக்கணினியில் சில நிமிடங்கள். ராஸ்பெரி பையில் அதைவிட அதிகம். நடுவில் கரண்ட் போய் வந்தால் (ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுவையிலும் இதற்கென்று தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை, தானாகவே நடக்கும்) அப்படியே மேக்கைத் தொடராதீர்கள். பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்பு, நேரமுத்திரை புதிதாக இருப்பதால், மேக்கின் கண்ணில் முடிந்த வேலையாகத் தெரியும். இணைக்கும் கட்டத்தில் 'கோப்பு வடிவம் புரியவில்லை' என்று வரும். 'மேக் கிளீன்' கொடுத்து முதலிலிருந்து ஓட்டுவதே குறுக்குவழி.

'மேக் டெஸ்ட்' கட்டாயம். ரூட்டாக ஓட்டாதீர்கள். ஏதாவது தோற்றால், 'டெஸ்ட்ஸ்' மாறியில் அந்தச் சோதனையின் பெயரைக் கொடுத்து, 'வி=1' சேர்த்து அதை மட்டும் திரும்ப ஓட்டினால் காரணம் தெரியும். 3.0.3, அதற்கு முந்தைய 3.0 பதிப்புகளில் சோதனைக்கான சான்றிதழ்களே 2022 ஜூன் 1-இல் காலாவதியாகிவிட்டன. அவை தோற்றால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை.

நிறுவ இரண்டு கட்டளைகள்: 'சுடோ மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ', அடுத்து 'சுடோ மேக் இன்ஸ்டால்_எஸ்எஸ்எல்டிர்ஸ்'. கையேட்டுப் பக்கங்களை நிறுவும் நேரம் மிச்சம். இரண்டாவதை மறந்தால் அமைப்புக் கோப்பு இருக்காது. சான்றிதழ் கோரிக்கை தயாரிக்கும்போது 'ஓபன்எஸ்எஸ்எல் டாட் சிஎன்எஃப் திறக்க முடியவில்லை' என்று நிற்கும்.

சரிபார்ப்பது இப்படி. புதிய நிரலை முழுப் பாதையோடு அழைத்து 'வெர்ஷன் -ஏ' கொடுங்கள். பதிப்பு எண்ணோடு ஓபன்எஸ்எஸ்எல்டிர், மாட்யூல்ஸ்டிர் வரிகளையும் பாருங்கள். வரும் வரியில் நிரலின் பதிப்பும் லைப்ரரியின் பதிப்பும் வெவ்வேறாக இருந்தால் பழைய லைப்ரரி உள்ளே நுழைந்திருக்கிறது. 'எல்டிடி' கொடுத்தால் எந்தக் கோப்பு என்று தெரியும்.

உங்கள் நிரலை இதோடு இணைக்கும்போதும் இதே எச்சரிக்கை. புதிய ஹெடரோடு கம்பைல் செய்து, பழைய லைப்ரரியோடு இணைத்தால் 'வரையறுக்கப்படாத குறியீடு'. இணைப்பு சரியாகி, ஓடும்போது பழையது அகப்பட்டால் 'ஓபன்எஸ்எஸ்எல்_3.2.0 பதிப்பு இல்லை'. முதல் பிழைக்கு, பிகேஜி-கான்ஃபிக் தேடும் பாதையில் லிப் அடைவுக்குள் உள்ள 'பிகேஜிகான்ஃபிக்'கைச் சேருங்கள். இரண்டாவதற்கு உங்கள் நிரலுக்கும் ஆர்பாத் கொடுங்கள்; லைப்ரரிக்குக் கொடுத்த ஆர்பாத் உங்கள் நிரலுக்குத் தொற்றாது. பைத்தான் 3.10 முதல் '--வித்-ஓபன்எஸ்எஸ்எல்' உடன் '--வித்-ஓபன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ' கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். வலை சர்வரான என்ஜினெக்ஸ் வேறு மாதிரி: அதன் '--வித்-ஓபன்எஸ்எஸ்எல்' நிறுவிய அடைவைக் கேட்கவில்லை, மூலநிரல் அடைவைக் கேட்கிறது. /ஆப்ட் பாதையைக் கொடுத்துவிட்டு ஏன் கட்டவில்லை என்று பார்ப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது சான்றிதழ்கள். புதிய ஓபன்எஸ்எஸ்எல்டிரில் 'செர்ட்ஸ்' அடைவு காலியாக இருக்கும். எந்தத் தளத்தோடு இணைந்தாலும் 20-ஆம் எண் பிழை, 'வழங்கியவரின் சான்றிதழ் உள்ளூரில் கிடைக்கவில்லை'. டெபியன் வகையில் /எட்சி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ் அடைவில் உள்ள 'சிஏ-செர்டிஃபிகேட்ஸ் டாட் சிஆர்டி' கோப்புக்கு, புதிய அடைவில் 'செர்ட் டாட் பெம்' என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டால் முடிந்தது. விநியோகம் பட்டியலைப் புதுப்பிக்கும்போது இதுவும் புதுப்பிக்கப்படும்.

அமைப்புக் கோப்பில் மூன்று கண்ணிகள். ஒன்று, 'ஓபன்எஸ்எஸ்எல்_கான்ஃப்' என்று தொடங்கும் வரி எந்தப் பிரிவுத் தலைப்புக்கும் முன்னால், மேலே இருக்க வேண்டும். ஒரு தலைப்புக்குக் கீழே போய்விட்டால் அந்தப் பிரிவின் வரியாகிவிடும். பிழையும் வராது, நீங்கள் எழுதிய எதுவும் நடக்காது.

இரண்டு, லெகசி ப்ரொவைடர். ப்ரொவைடர் என்பது குறியாக்க முறைகளைத் தரும் மாட்யூல்; பழைய முறைகள் லெகசியில், வழக்கமானவை டிஃபால்ட்டில். சான்றிதழும் சாவியும் சேர்ந்திருக்கும் பழைய பி12 கோப்பைத் திறக்கும்போது 'ஆர்சி2-40-சிபிசி ஆதரவில்லை' என்று வந்தால், ஒருமுறைக்கு 'பிகேசிஎஸ்12' கட்டளையில் '-லெகசி' போதும். நிரந்தரமாக வேண்டும் என்று கோப்பில் லெகசியை மட்டும் 'ஆக்டிவேட் = 1' ஆக்கினால், டிஃபால்ட் ப்ரொவைடர் போய்விடும்! எதையும் குறிப்பிடாதவரைதான் அது தானாக ஏறும். ஏஇஎஸ், ஷா256 கூட இல்லை என்று நிரல் புலம்பும். டிஃபால்ட் பிரிவிலும் 'ஆக்டிவேட் = 1' வரிக்கு முன் உள்ள # குறியை எடுங்கள். 'லிஸ்ட் -ப்ரொவைடர்ஸ்' கொடுத்தால் இரண்டும் தெரிய வேண்டும்.

மூன்று, பாதுகாப்பு நிலை. 3.2 முதல் இயல்பு நிலை 2; அதாவது 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ, டிஎச் சாவிகள் செல்லாது. எதிர்முனை பழைய சர்வர் என்றால் 'டிஎச் சாவி மிகச் சிறியது' என்று வரும். எல்லாவற்றுக்குமாக நிலையை 0-க்கு இறக்குவதே இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் தனி அமைப்புக் கோப்பு எழுதி, 'ஓபன்எஸ்எஸ்எல்_கான்ஃப்' சூழல் மாறியால் அதைக் காட்டுங்கள். மற்றவை நிலை 2-லேயே இருக்கட்டும்.

ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் குறியாக்கத் தரநிலை) பற்றி ஒரு வார்த்தை. 'எனேபிள்-ஃபிப்ஸ்' போட்டுக் கட்டியதால் மட்டும் சான்று பெற்றதாகாது, 3.0.9, 3.1.2 போன்ற குறிப்பிட்ட சில பதிப்புகளின் மாட்யூலுக்குத்தான் சான்று உண்டு.

சிப்காட்டில் ஒரு சென்சார் பெட்டி, மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வானிலைப் பெட்டி என்று ராஸ்பெரி பையில் இதை ஓட்டுகிறவர்களுக்குச் சில தனிக் குறிப்புகள். பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து, இணைய நேரம் கிடைக்கும் முன் உங்கள் நிரல் கிளம்பினால் 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தோற்கும். சிஸ்டம்டியில் நேரம் ஒத்திசைந்த பிறகே சேவை தொடங்கும்படி வையுங்கள், அல்லது ஆர்டிசி (பேட்டரிக் கடிகாரம்) பலகை ஒன்று பொருத்துங்கள். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பை 4-இன் செயலியில் ஏஇஎஸ் கட்டளைகளும் இல்லை. அங்கே ஏஇஎஸ்ஸுக்கு மாற்றான சாசா20-பாலி1305 குறியாக்க முறை வேகமானது. 'ஸ்பீட் -ஈவிபி' கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சைஃபர்சூட்ஸ் வரியில் அதை முதலில் வையுங்கள்.

3.5-க்கு மாறியதும் சில இடங்களில் இணைப்பு பிழை எதுவும் சொல்லாமல் தொங்கும். எம்எல்-கெம் 768-இன் பொதுச்சாவி மட்டும் 1,184 பைட். அதைச் சேர்த்து அனுப்பும் முதல் செய்தி 1,500 பைட் பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரியும். பழைய ஃபயர்வால் சில, இரண்டாவது துண்டைப் புரிந்துகொள்ளாமல் கைவிடும். 'எஸ்_கிளையன்ட்' கட்டளையில் '-குரூப்ஸ் எக்ஸ்25519' கொடுத்ததும் இணைப்பு கிடைத்தால் காரணம் அதுதான். ஃபயர்வாலைச் சரிசெய்யும்வரை அமைப்புக் கோப்பில் குரூப்ஸ் வரியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

3.5 தொடரில் திருத்தப் பதிப்பு வரும்போது அதே ப்ரிஃபிக்ஸில் மேலேயே நிறுவுங்கள். உங்கள் சிஎன்எஃப் கோப்பை அது அழிக்காது, புதியதை '.டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய லைப்ரரியையே நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதால் அவற்றை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 'எல்எஸ்ஓஎஃப்' பட்டியலில் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ பக்கத்தில் 'டெல்' என்று இருப்பவை அவை. மூலநிரலோடு கட்டிய என்ஜினெக்ஸுக்கு மறுதொடக்கம் போதாது. லைப்ரரி அதற்குள்ளேயே உறைந்திருக்கிறது. புதிய மூலநிரல் அடைவைக் காட்டித் திரும்பக் கட்ட வேண்டும்.