உட்செவி முடிச்செல்கள் உருவாவதில் சுற்றுத்திசுவின் பங்கு: மூன்று தட்டுகளில் சோதிப்பது எப்படி?

கருவிலிருந்து கோக்லியாவை (உட்செவியில் ஒலியை உணரும் சுருள் உறுப்பு) எடுத்ததும் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் மீசன்கைம் என்ற சுற்றுத்திசுவை உரித்துச் சுத்தம் செய்யத்தான் புதிதாக வருகிறவர்களின் கை துடிக்கும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒலியை உணரும், மேலே மயிர் போன்ற இழைகள் கொண்ட முடிச்செல்கள் எத்தனை உருவாகும் என்பதில் அந்தத் திசுவுக்கும் பங்கு உண்டு. கோக்லியாவின் உட்படலமான எபிதீலியம் அனுப்பும் எஃப்ஜிஎஃப் 9, எஃப்ஜிஎஃப் 20 என்ற சமிக்ஞைகளை மீசன்கைம் வாங்கிக்கொள்ளாவிட்டால், பின்னால் முடிச்செல்லாக மாறக்கூடிய முன்னோடி செல்கள் போதுமான அளவு பெருகாமல் கோக்லியா குட்டையாகிவிடும். பிஓயு3எஃப்4 மரபணு வேலை செய்வதும் மீசன்கைமில்தான். அது பழுதானால் மனிதர்களுக்குக் காது கேட்பதில்லை.

சோதனைக்குச் சுண்டெலியின் 13.5 நாள் கரு நல்லது. முன்னோடி செல்கள் பிரிவதை நிறுத்திக்கொண்டிருக்கும் நேரம் அது; முடிச்செல் இன்னும் தெரியாது. கோக்லியாவா, சமநிலை உறுப்பா என்ற தீர்மானம் இதற்கு வெகு முன்பே, முதுகுநாணிலிருந்து வரும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையால் நடந்துவிடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோழிக்கருவுக்குப் போங்கள்.

ஒரே கருவின் இரண்டு காதுகளையும் பயன்படுத்துங்கள். கருவுக்குக் கரு வயது கொஞ்சம் முன்பின் இருக்கும். ஒரே கரு என்றால் அந்தக் கவலை இல்லை. ஒரு காதை மீசன்கைமோடு அப்படியே முதல் தட்டில் வையுங்கள். மற்றதைத் தெர்மோலைசின் என்ற நொதியில் ஊறவிடுங்கள். டிரிப்சின் வேண்டாம், அது செல்களையே பிரித்துவிடும். தெர்மோலைசின் எபிதீலியத்துக்கும் மீசன்கைமுக்கும் இடையிலுள்ள அடிச்சவ்வை மட்டும் தளர்த்துவதால் எபிதீலியம் ஒரே தாளாகக் கழன்று வரும். கடிகாரத்தை நம்பாமல் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரம் விலக ஆரம்பித்ததும் சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். இது இரண்டாம் தட்டு.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு வருத்தம் தருவது அதுதான். முடிச்செல் குறைந்தால் மீசன்கைம் இல்லாததாலா, நொதி பட்டதாலா? அதற்குத்தான் மூன்றாம் தட்டு. இன்னொரு கருவின் எபிதீலியத்தை இதே மாதிரி உரித்து, அதே மீசன்கைமைத் திரும்ப அடியில் வைத்து வளர்க்க வேண்டும். எபிதீலியத்தில் கோக்லியாவின் உட்குழியைப் பார்க்கும் பக்கம் மேலே இருக்கட்டும். அந்தக் கருவின் மறு காதையும் உரிக்காமல் கூடவே வளர்த்தால் ஒப்பிட வசதி.

எல்லாத் தட்டும் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஆறு நாள். ஊடகத்தில் ஸ்ட்ரெப்டோமைசினோ ஜென்டாமைசினோ சேர்க்கவே கூடாது, இரண்டும் முடிச்செல்லுக்கு நஞ்சு. பென்சிலின் வகை போதும்.

அப்புறம் முடிச்செல்லை அடையாளம் காட்டும் மயோசின் 7ஏ புரதத்துக்குச் சாயமேற்றி எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் மீசன்கைம் இல்லாத துண்டு நீளத்திலும் மாறலாம். நீளத்தையும், 100 மைக்ரானுக்கு எத்தனை செல் என்பதையும், எத்தனை வரிசை என்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். மூன்றாம் தட்டு முதல் தட்டைப் போல மீண்டிருந்தால் குறைவுக்குக் காரணம் மீசன்கைம் இல்லாததுதான். இரண்டாவதைப் போலவே இருந்தால் மீசன்கைமைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதீர்கள்; நொதி நேரத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.