‘ஏஞ்சல் பீட்ஸ்’ தொடரை வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி?

கோடை விடுமுறையில் அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் மதுரையில் ஏதேனும் ஒரு வீட்டில் கூடிவிட்டால், அவர்களில் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்க்கும் பழக்கம் உள்ள ஒருவர் மற்றவர்களுக்கு எதையாவது போட்டுக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஒருவர் நீங்களாக இருந்து, ‘ஏஞ்சல் பீட்ஸ்’ தொடரைக் காட்ட முடிவு செய்திருந்தால், அதை எந்த வேகத்தில், எந்த ஏற்பாட்டோடு காட்ட வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தொடரை ஒருமுறை பார்த்து முடித்தவர் என்று எடுத்துக்கொள்வதால், நடுவில் வரும் சில நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3 முதல் ஜூன் 26 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாரம் ஒன்றாக வந்த 13 எபிசோடுகள் கொண்ட தொடர் இது. கதையும் வசனமும் ஜுன் மயேதா எழுதியவை, பாடல்களும் அவருடையவையே. செய்ஜி கிஷி இயக்க, பி.ஏ. வொர்க்ஸ் ஸ்டூடியோ உருவாக்கியது. ஒத்தோனாஷி என்ற இளைஞன் எதுவும் நினைவில்லாமல் ஒரு பள்ளி வளாகத்தில் இரவு நேரத்தில் கண் விழிக்கிறான். அருகில் துப்பாக்கியால் குறிபார்த்தபடி இருக்கும் யூரி என்ற பெண், அவன் இறந்துவிட்டான் என்று சொல்கிறாள். நியாயமே இல்லாத வாழ்க்கையை வாழ்ந்து, மனக்குறையோடு இளமையிலேயே இறந்தவர்கள் வந்து சேரும் பள்ளி அது. அங்கே யாரும் மறுபடி சாவதில்லை. காயம்பட்டாலும் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்கள். ஆனால் மனம் நிறைந்துவிட்டால் அந்த உலகத்திலிருந்து மறைந்துவிடுவார்கள். தங்களுக்கு அப்படியொரு வாழ்க்கையைக் கொடுத்த கடவுளை எதிர்ப்பதற்காக யூரி ஒரு படை திரட்டியிருக்கிறாள். மாணவர் மன்றத் தலைவியான கனாதே என்ற அமைதியான பெண்ணைத் ‘தேவதை’ என்று எண்ணி அந்தப் படை சண்டையிடுகிறது.

முதலில் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தொடரின் அழுகைக் காட்சிகளைத் தனியாக வெட்டி ரீல்ஸில் காட்டிவிட்டு, ‘பார், எவ்வளவு உருக்கமாக இருக்கிறது’ என்று யாரையும் அழைக்காதீர்கள். முதல் பாதியில் வரும் கூத்தும் கேலியும் வெட்டி வேலை என்று எண்ணி அவற்றைத் தாண்டிப் போகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது. வாழும்போது பள்ளிப் பருவத்தை அனுபவிக்க முடியாமல் போன பிள்ளைகள் அங்கே வந்துதான் முதன்முறையாகச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், தேர்வில் திருட்டுத்தனம் செய்கிறார்கள், ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள். அந்த விளையாட்டுதான் அவர்களுக்குக் கிடைக்காமல் போன வாழ்க்கை. அதை உடனிருந்து பார்த்தவருக்கு மட்டுமே பின்னால் வரும் பிரிவு வலிக்கும்.

ஓர் எபிசோடு சுமார் 24 நிமிடம் ஓடும். மொத்தமும் ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டும் என்பதால், ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இணங்க வேண்டாம். ஐந்து மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் மாலை 1 முதல் 3 வரை, இரண்டாம் மாலை 4 முதல் 6 வரை, மூன்றாம் மாலை 7 முதல் 9 வரை, நான்காம் மாலை 10 மட்டும், கடைசி மாலை 11 முதல் 13 வரை. சித்திரைத் திருவிழாவை ஒட்டி வைப்பதானால் எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கும் இடம் விட்டு வையுங்கள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள்.

முதல் மாலையை மூன்றாம் எபிசோடில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூரியின் படை ஏதேனும் செய்யப் போகும்போதெல்லாம் கவனத்தைத் திருப்புவதற்காக ஒரு பெண்கள் இசைக்குழு கச்சேரி நடத்தும். முதல் எபிசோடில் அந்தக் கச்சேரியின் நடுவே பெரிய மின்விசிறிகளைச் சுழலவிட்டு மாணவர்களின் சாப்பாட்டுச் சீட்டுகளைப் பறக்கவைத்துப் பிடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். அந்தக் குழுவில் பாடும் இவாசாவா, பெற்றோரின் ஓயாத சண்டைக்கு நடுவே வளர்ந்தவள். விலக்கப் போன அவள் தலையில் தந்தையின் கையிலிருந்த பாட்டில் பட்டு, பின்னால் மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சையே இழந்து இறந்தவள். மூன்றாம் எபிசோடின் கச்சேரியில் ஆசிரியர்கள் மேடையேறி நிகழ்ச்சியை நிறுத்த முயலும்போது, அவள் கிடாரை எடுத்துத் தன் சொந்தப் பாடலை மெதுவாகப் பாடுகிறாள். சலசலத்த அரங்கு அடங்குகிறது. பாட்டு முடிகிறது, கிடார் மேடையில் கிடக்கிறது, அவள் இல்லை. யாரும் அவளைத் தாக்கவில்லை. பாட வேண்டியதைப் பாடி முடித்துவிட்டாள். அந்த உலகத்தின் சட்டம் என்னவென்று பார்ப்பவருக்கு உறைக்கும் முதல் இடம் இதுதான். அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கணம் வீணாகிவிடும். ஆகையால் செயலியின் அமைப்புகளில் ‘ஆட்டோ ப்ளே’ வசதியை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.

தொடக்கப் பாடலையும் முடிவுப் பாடலையும் ‘ஸ்கிப்’ செய்யாதீர்கள். இத்தொடரில் பாட்டு என்பது கதையின் ஒரு பகுதி. தொடக்கப் பாடலைப் பாடியவர் லியா. திரையில் கனாதே பியானோ வாசிப்பதைக் காட்டுவார்கள். நான்காம் எபிசோடில் அதே மெட்டு ராக் இசையாக, இவாசாவாவின் இடத்துக்கு வரும் யுயி என்ற துறுதுறுப்பான பெண்ணின் குரலில் ஒலிக்கும். யுயிக்குப் பாட்டுக் குரல் கொடுத்தவர் லிசா. 2019இல் வந்த ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் தொடக்கப் பாடலைப் பாடியவரும் அவரே. ‘இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே’ என்று பிள்ளைகளில் யாராவது சொல்லக்கூடும்.

இரண்டாம் மாலையின் நான்காம் எபிசோடு பேஸ்பால் போட்டி. ஹினாதா என்பவன் உயிரோடு இருந்தபோது ஒரு முக்கியமான ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எளிதான பந்து ஒன்றைக் கோட்டைவிட்டவன். அதே போன்ற பந்து இங்கேயும் அவனை நோக்கி வானத்திலிருந்து இறங்குகிறது. அவன் அதைப் பிடித்துவிட்டால் மறைந்துவிடுவானோ என்று ஒத்தோனாஷி பதறி ஓடுகிறான். மூன்றாம் எபிசோடைப் பார்த்துவிட்டு ஒரு நாள் இடைவெளிவிட்டு வந்தவர்கள் இங்கே தாங்களே அந்தப் பதற்றத்தை அடைவார்கள். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் எபிசோடில் மாப்போ டோஃபு என்ற காரமான சீன உணவு முக்கியமாக வருகிறது. அன்றிரவு பரோட்டாவும் நல்ல காரச் சால்னாவும் வாங்கி வைத்துவிட்டால் போதும். டோஃபு தேடி அலைய வேண்டாம். பிள்ளைகள் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டபடியே கனாதே சாப்பிடுவதைப் பார்க்கட்டும். அதுவரை எதிரியாகத் தெரிந்தவள் அந்த ஒரு தட்டினால் மனிதப் பெண்ணாகிவிடுவாள்.

ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலுமாக ஓடவிடுவீர்கள் என்பதால், ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு ஒருவர் கதை சொல்ல வேண்டியிருக்கும். அதை எபிசோடு ஓடும்போது செய்யாதீர்கள். தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் முந்தைய கதையை நினைவூட்டி, நடுவில் மிக அவசியமான இடத்தில் மட்டும் நிறுத்தி ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள். ‘என்.பி.சி.’ என்று அடிக்கடி வருவது வீடியோ கேம் சொல். அந்தப் பள்ளியில் உண்மையான ஆன்மா இல்லாத மற்ற மாணவர்களை அது குறிக்கும். கேம் ஆடும் பிள்ளைகளே அதைப் பெரியவர்களுக்கு விளக்கிவிடுவார்கள்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் நல்லது. ‘இது சொர்க்கமா, நரகமா?’ என்று அப்பத்தா கேட்டால் இரண்டும் இல்லை என்று சொல்லுங்கள். ஆசை அடங்காமல் போன பிள்ளைகள் தங்கிப் போகும் இடம் என்றால் அவருக்கு உடனே விளங்கிவிடும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், மணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. வீட்டில் அவளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதில் பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி இருக்கும். கும்பிடும் நாளில் புதுத்துணி எடுத்துவைத்து, அவளுக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். எப்போதோ இறந்த பெண், அந்த வீட்டில் இன்னும் பாவாடை கட்டும் வயதிலேயே இருப்பாள். உடுத்தாமல் போன துணியையும் உண்ணாமல் போன பண்டத்தையும் உயிரோடிருப்பவர்கள் அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ‘ஏஞ்சல் பீட்ஸ்’ உலகத்தில் அப்படிக் கொடுக்க வீட்டார் யாரும் இல்லை. இறந்த பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தொடரை மதுரையில் ஒரு கூட்டுக் குடும்பத்தோடு பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் தங்கள் வீட்டுக் கன்னியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பிள்ளைகள் அந்தப் பெயரையே முதன்முறையாக அன்றுதான் கேட்பார்களாக இருக்கும்.

அதே காரணத்தால் எச்சரிக்கையும் வேண்டும். அண்மையில் பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்தவர் வீட்டில் இருந்தால், என்ன கதை என்பதை முன்னாலேயே சொல்லி அவர் விருப்பத்தைக் கேட்டுவிடுங்கள். இரண்டாம் எபிசோடில் பொறிகளில் சிக்கி ஒவ்வொருவராகச் ‘சாவது’ வேடிக்கையாகவே போகும். அது முடியும் தறுவாயில், தன் தங்கை தம்பிகளைத் திருடர்கள் கொன்றதை யூரி சொல்வாள். ஏழாம் எபிசோடில் மருத்துவமனையில் இருக்கும் ஒரு தங்கையின் கதை வருகிறது. துப்பாக்கிச் சூடும் இரத்தமும் தொடர் முழுவதும் உண்டு. என் கணிப்பில் ஒன்பதாம் வகுப்பைத் தொட்ட பிள்ளைகளுக்குக் காட்டலாம்; அதற்குக் கீழே வேண்டாம்.

விடுமுறைக் காலம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் காலமும் ஆகும். இறந்த பிறகு நண்பர்களும் பாட்டும் விளையாட்டும் உள்ள ஓர் இடம் கிடைக்கிறது என்ற கற்பனை, மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்குத் தவறாகப் படக்கூடும். தொடர் சொல்வது அதற்கு நேர் எதிரானது. ஆறாம் எபிசோடில், தான் வாழ்ந்ததே பொய் என்று நம்பும் நாவோயி என்பவனை ஒத்தோனாஷி கட்டிப்பிடித்து, அவன் வாழ்ந்த வாழ்க்கை உண்மையானது என்று கத்துகிறான். அந்த இடம் முடிந்ததும் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். எந்தப் பிள்ளையாவது வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போனால் தனியே அழைத்து நேராகக் கேளுங்கள்; உதவி தேவைப்பட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104 இரண்டுக்கும் அழைக்கலாம்.

ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைப்பது அழகாகத்தான் இருக்கும், ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டாம், எட்டாம் எபிசோடுகளின் சுரங்கக் காட்சிகள் ஒன்றும் தெரியாது. கோயில் பொங்கல் நடந்தால் குழாய் ஸ்பீக்கரோடு போட்டி போட முடியாது. கீழே அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். டிவியின் சொந்த ஒலி பாட்டுகளுக்குப் போதாது. சுமாரான ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றாவது வேண்டும்.

நான்காம் மாலைக்குப் பத்தாம் எபிசோடை மட்டும் வைத்ததை யாரேனும் எதிர்க்கக் கூடும். நீங்கள் உறுதியாக இருங்கள். சிறுவயதில் விபத்தில் படுத்த படுக்கையானவள் யுயி. படுக்கையிலிருந்தே டிவியில் பார்த்தவைதான் அவள் ஆசைகள்: மல்யுத்தப் பிடி ஒன்று போட வேண்டும், கால்பந்தில் ஐந்து பேரைத் தாண்டி கோல் அடிக்க வேண்டும், பேஸ்பாலில் ஒரு ஹோம் ரன் அடிக்க வேண்டும். ஒத்தோனாஷி ஒவ்வொன்றாக நிறைவேற்ற முயல்கிறான். கை கன்றிப்போகும் வரை அவள் மட்டையைச் சுழற்றுகிறாள். கடைசி ஆசை கல்யாணம். சமைக்கவோ வீட்டைக் கூட்டவோ முடியாத தன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவள் கேட்க, ஒத்தோனாஷி பதில் சொல்லத் தடுமாறும்போது, அதுவரை அவளோடு சண்டை மட்டுமே போட்டுவந்த ஹினாதா குறுக்கே வந்து நான் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அதற்குப் பிறகு அவன் பேசும் பேச்சை யாரும் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். போனை வாங்கி வைத்துவிடுவது உத்தமம். அது முடிந்ததும் விளக்கைப் போடாமல் சற்று நேரம் விட்டு, பிறகு சாப்பிடக் கூப்பிடுங்கள்.

கடைசி மூன்றையும் இடைவெளியின்றிப் பார்க்கலாம். 11, 12 இரண்டிலும் கதை சற்று அவசரமாக ஓடும். பல பாத்திரங்களின் முன்கதை சொல்லப்படாமலே போகிறது என்பது இத்தொடரின் உண்மையான குறை. அந்த இடத்தில் கேள்விகள் வந்தால் பிறகு பேசலாம் என்று தள்ளிவிடுங்கள். 13ஆம் எபிசோடில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டைத் தேடாதீர்கள். எழுத்துகளுக்குப் பின்னால் இன்னும் ஒரு சிறு காட்சி இருக்கிறது.

இவை தவிர இரண்டு தனி எபிசோடுகள், 2010 டிசம்பரிலும் 2015லும் ப்ளூ-ரே வட்டுகளோடு வந்தவை, இருக்கின்றன. இரண்டும் முழுக்க முழுக்கக் கூத்து. அவற்றை இரண்டாம் மாலைக்கும் மூன்றாம் மாலைக்கும் இடையே ஒரு பகல் பொழுதில் போடலாம். 13ஆம் எபிசோடு முடிந்த இரவில் போட வேண்டாம். வட்டில் மட்டும் சேர்க்கப்பட்ட மிகச் சிறிய மாற்று முடிவு ஒன்றும் உண்டு. அதைக் கேட்பவர்களுக்கு மட்டும் சில நாட்கள் கழித்துக் காட்டுங்கள். தொலைக்காட்சியில் வந்த முடிவை வைத்து அவர்கள் தங்களுக்குள் வாதாடி முடித்திருக்கட்டும்.